உப்பிட்டுது

எதையும் நானே திருத்திவிடுவேன் என்ற நினைப்புத்தான் என்னிடமுள்ள பெரிய வியாதி. (மருந்து கிடையாது. வேண்டுமானால் என் மனுசியைக் கேட்டுப் பாருங்கள்.)

குருநகரில் போட் எஞ்சின் திருத்துகிறவன் நான். என் மனைவி ஜெசிந்தாவிடம் ஒரு பழைய போன் இருந்தது. காலமான அவளுடைய அப்பா அனுப்பிய குரல் பதிவுகள் அதற்குள்தான் இருந்தன. "பிள்ளை, சாப்பிட்டியே?" என்று மாமா கேட்பார், அவ்வளவுதான். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவள் அதைப் போட்டுக் கேட்பாள்.

ஒருநாள் காலை, "இஞ்சேருங்கோ, போன் பற்றரி உப்பிட்டுது. கடைத் தம்பியிட்டைக் குடுங்கோ. அப்பான்ரை குரலைப் புதுப் போனுக்கு மாத்தித் தாறனெண்டவன்" என்றாள்.

வீங்கிவிட்டது என்றுதான் அவள் சொன்னாள். என் காதில் விழுந்ததோ உப்பு! அதற்கு முந்தின வாரம் அந்தப் போனை அவளிடம் கேட்காமல் கடலுக்குக் கொண்டுபோன கள்ளன் நான்தானே. கடைக்குப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"உதுக்கேன் கடை? நான் பாக்கிறன்" என்றேன்.

எஞ்சினில் உப்புப் பிடித்தால் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைப்போம். அதையே செய்தேன். பற்றரியைக் கழற்றி, கிணற்றுத் தண்ணீரில் அலசி, தகரத்தின் மேல் கருவாட்டுக்குப் பக்கத்தில் காயப் போட்டேன். மத்தியானம் பார்த்தால் இன்னும் கொழுத்திருந்தது. (வெயில் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று மகிழ்ந்த மேதை நான்.) அதைத் திரும்பப் போனுக்குள் போட்டு அழுத்தி மூடி, மெத்தையில் வைத்து, சார்ஜ் போட்டுவிட்டுச் சோறு தின்னப் போனேன்.

'உஸ்' என்று ஒரு சத்தம். அறை முழுக்கப் புகை. தலையணை எரிந்தது. ஜெசிந்தா மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். நான் வாசலில் நின்று "ஐயோ மாதாவே!" என்று கத்தினேன். என் பங்கு அவ்வளவுதான்.

கருகிய போனைப் பார்த்துக் கடைத் தம்பி தலையில் கை வைத்தான். "அண்ணை, உப்பின பற்றரியை அமத்தக் கூடாது, வெயிலிலை வைக்கக் கூடாது, சார்ஜ் போடவே கூடாது. அப்பிடியே கொண்டு வந்திருந்தா எல்லாத்தையும் எடுத்துத் தந்திருப்பனே!"

கடை பத்து நிமிட நடைதான். அவளிடம் ஒருதரம் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

இப்போதும் வீட்டில் அப்பளம் உப்பினால், "அப்பா, கழுவிக் காயப் போடுங்கோ!" என்று மகள் கத்துவாள். ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மட்டும், "சாப்பிட்டியே?" என்று நான் கேட்பேன். "உது அப்பான்ரை மாதிரி இல்லை" என்பாள். போன ஞாயிறு கேட்க மறந்துபோனேன். அடுப்படி வாசலுக்கு வந்தவள், மெல்லக் கேட்டாள்:

"இண்டைக்குக் கேக்கேல்லையே?"