கன்னத்துக்கு ஒரு சாணைக்கல்

மூன்று வாரம் இணையத்தில் ஒரே விஷயத்தைப் படித்தால், அதில் எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கை வந்துவிடும். எனக்கு அது சவரக்கத்தி விஷயத்தில் வந்தது.

மடக்குக் கத்தி ஒன்று வாங்கியிருந்தேன். அதைத் தீட்ட முதலில் சொரசொரப்பான கல், அப்புறம் கொஞ்சம் நைசான கல், கடைசியாக மிக மிக நைசான ஒரு கல் வேண்டும். முதல் இரண்டும் கத்தியோடு வந்துவிட்டன. அந்தக் கடைசிக் கல்லில்தான் கத்தியின் தலையெழுத்தே இருக்கிறது என்று கத்திப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் சொன்னார்கள். ஜப்பான் கல்லா, பெல்ஜியம் கல்லா என்று அங்கே தினமும் அடிதடி. இயற்கைக் கல்தான் உசத்தி என்று நானும் இரண்டு பேரோடு சண்டை போட்டேன். (இரண்டில் எதையும் நேரில் பார்த்தவனில்லை.)

"நாவலூர் ஆபீஸுக்குப் போறது வேலைக்கா, போன்ல கல்லு பார்க்கவா?" என்று என் மனைவி கவிதா கேட்டாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய குழாய்கள், ஓடாத கடிகாரங்கள் நடுவே உள்ளங்கை அகலத்தில் கரும்பச்சைக் கல் ஒன்று கிடந்தது. குழுவில் சொன்னபடி தண்ணீர் தெளித்தேன், கட்டைவிரலால் தேய்த்தேன், முகர்ந்தேன்.

"இன்னா சார், கல்ல போய் மோந்து பாக்குற? அது இன்னா மாம்பழமா?" என்றார் கடைக்காரர்.

"எந்த மலைக் கல்லுண்ணா இது?"

"மலையா? வூடு இடிச்ச எடத்துல கெடந்துச்சு சார்."

பாவம், இவருக்கு இதன் அருமை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். பளபளப்பை நம்பாதே என்று யாரோ எழுதியிருந்ததால், கல்லை வாங்கி, தீட்டுவதற்கு மங்கலான பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் கவிதாவின் தம்பி பிரபுவுக்கு நிச்சயதார்த்தம். கத்தியை அரங்கேற்ற இதைவிட நல்ல நாள் ஏது? காலையில் எங்கள் பொழிச்சலூர் வீட்டில் நூறு முறை தீட்டி, இடது கன்னத்தில் வைத்து இழுத்தேன். கத்தி முடியை மழிக்கவில்லை, பிடுங்கியது. போகப் போகப் பழகிவிடும் என்று இன்னும் மூன்று இழுப்பு. கன்னத்தில் நான்கு சிவப்புக் கோடுகள்.

முந்தின நாளே எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த பிரபு, கவிதாவின் அலறல் கேட்டு ஓடிவந்தான். வீடுகளுக்கு மாடுலர் கிச்சன் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, இது சமையல் மேடைக்குப் போடுற கிரானைட். நீங்க தீட்டினது அடிப்பக்கம்." அதற்கு மேல் பேச முடியாமல், கவிழ்த்து வைத்த பக்கெட் மேல் உட்கார்ந்து சிரித்தான்.

மண்டபத்தில் பவுடரை மீறிக் கோடுகள் தெரிந்தன. பெண் வீட்டு அத்தை ஒருவர் என் கன்னத்தைப் பார்த்தார். அடுத்து கவிதாவின் நகங்களைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கிசுகிசுத்தார். பெண்ணின் அப்பா, ஓய்வுபெற்ற ஆசிரியர், என்னிடம் நேராகவே வந்தார்.

"தம்பி, கன்னத்துல என்ன?"

"பூனை சார். வீட்டுப் பூனை." (எங்கள் வீட்டில் ஒரு மீன்குஞ்சுகூடக் கிடையாது.)

அவர் முகம் மலர்ந்தது. "அட, நமக்கும் பூனைன்னா உயிர்! பேர் என்ன?"

"மணி."

அத்தையின் முகமும் தெளிந்தது. நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. கல்யாணமும் முடிந்து, பெண்ணின் அப்பா முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவர் கையில் ஒரு கூடை. உள்ளே சாம்பல் நிறக் குட்டி ஒன்று.

"மணிக்குத் துணையா இருக்கட்டும். எங்கே அவன்?"

"போன வாரம்தான் ஓடிப்போயிட்டான் சார்," என்றாள் கவிதா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

குட்டிக்கு இப்போது இரண்டு வயது. லேப்டாப்புக்கும் எனக்கும் நடுவில் படுத்துத் தூங்கும் பரம சாது, இதுவரை யார் மேலும் நகம் பட்டதில்லை. வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் பிரபு, "மணி கிடைச்சானா மாமா?" என்று ஆரம்பிப்பான், எல்லோரும் சிரிப்பார்கள். உண்மை தெரியாதவர் அவன் மாமனார் மட்டும்தான். போன மாதம் போன் செய்தார்.

"தம்பி, தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பூனையப் பார்த்தேன். நம்ம மணியா இருக்குமோன்னு தோணுச்சு."

"அப்படியா!" என்று எழுந்தே விட்டேன். "என்ன கலர் சார்?"