இளையபெருமாள் பித்தளை டிரம்முக்குச் சுதி சேர்த்த கதை

மார்கழி முழுக்க எட்டு மணி வரைக்கும் தூங்குவது என்று இளையபெருமாள் சபதம் எடுத்தான். சும்மா இல்லை, செட்டிகுளம் மலை மேல் இருக்கும் முருகனைப் பார்த்துக் கும்பிட்டு எடுத்தான்.

அவன் பேண்டு செட்டில் டிரம் அடிப்பவன். மார்கழியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாவிட்டால் செட்டுக்கு வேலை கிடையாது. ஆனால் அவன் காட்டில் மக்காச்சோளம் பால் பிடிப்பதும் அதே மார்கழியில்தான். விடிந்தால் கிளி. பின்னாலேயே மயில். மயிலை அடிக்கவும் முடியாது, அது முருகன் வண்டி. விரட்டத்தான் முடியும். போன வருஷம் அவன் பொண்டாட்டி சத்யா அவனை இருட்டோடு எழுப்பி, கையில் எண்ணெய் டின்னையும் குச்சியையும் கொடுத்துக் காவலுக்கு அனுப்பினாள். அவன் வரப்பில் தூங்கினான். மயில் அவனைத் தாண்டிப் போய்த் தின்றது.

இந்த வருஷம் தப்பிக்க ஒரு வழி கிடைத்தது. அரியலூரில் ஒரு பழைய செட்டைக் கலைத்தார்கள். அவர்களுடைய பித்தளை சைடு டிரம்மை வாங்கி வந்துவிட்டான். இரண்டு பக்கமும் தோல் கிழிந்து, ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. அவன் தாத்தா பிறக்கும் முன்பே அடிபட்ட டிரம் என்று ஊரெல்லாம் சொன்னான். விற்றவன்கூட அவ்வளவு பெரிய பொய் சொல்லவில்லை.

“ஏ புள்ள, தை பொறந்ததும் மொத கல்யாணத்துல இதுதான் முன்வரிசை. புதுசா தோலு மாட்டி சுதி சேக்க ஒரு மாசம் ஆவும். காவலுக்கு வேற ஆளைப் பாரு.”

“சரிங்க.”

“என்ன சரிங்க?”

“ஆளைப் பாத்துக்கறேங்க.”

கல்யாணமான நாளிலிருந்து சத்யா ஒரே பேச்சில் சரி சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் மூளை இருப்பவன் அங்கேயே பயந்திருப்பான். இளையபெருமாள் விசில் அடித்தான்.

டிரம்முக்கு மேல்பக்கமும் அடிப்பக்கமும் மூடுகிற தோல் வாங்கத் திருச்சிக்குப் போனபோது அவளும் கூட வந்தாள்.

“அடிக்கிற பக்கத்துக்குத் தோலா, பிளாஸ்டிக்கா?” என்றார் கடைக்காரர்.

“தோலு. தோலுலதான் உசிரு இருக்கு.”

“ஏண்ணே, பனியில தோலு தொங்கிடாது?” என்று சத்யா கடைக்காரரைக் கேட்டாள்.

“தொங்கும்மா. ஈரம் பட்டா சத்தமே எழும்பாது. பிளாஸ்டிக்குக்குப் பனியும் ஒண்ணு, வெயிலும் ஒண்ணு.”

“அப்ப பிளாஸ்டிக்கே குடுங்க. தடியா. எவ்வளவு அடிச்சாலும் கிழியக் கூடாது.”

கல்யாண மண்டபத்துக்குள் பனி எங்கிருந்து வரும்? அவன் கேட்கவில்லை. அடிப்பக்கம், கம்பிச் சுருள் உரசுகிற இடத்துக்கு, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக ஒன்று வாங்கினார்கள். சத்தத்தை அடக்க மேலே வைக்கிற வளையம் ஒன்றையும் கடைக்காரர் காட்டினார்.

“அடக்குறதுக்கு வூட்டுல நான் இருக்கேன். அது வேணாம்” என்றாள் சத்யா.

வீட்டில் திருகு முடுக்க உட்கார்ந்தான். அவசரத்தில் வரிசையாக முடுக்கினான். பிளாஸ்டிக் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, பல் பிடுங்கியவன் கன்னம் மாதிரிக் கோணியது. எல்லாவற்றையும் தளர்த்தினான். எதிரெதிர்த் திருகாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும் தட்டிக் காதை வைத்தான். டங். டங். டொய்ங். மறுபடி முடுக்கு. டங். டங். டிங். தெரு நாய்க்கே வெறுத்துவிட்டது.

“என்னங்க, டிரம்மு அருமையாத்தான் இருக்கு. பீரோ கண்ணாடிதான் கூடச் சேந்து கத்துது. ஊர்வலம் வெட்டவெளியிலதானே போவுது? அங்க தட்டுனாத்தானே சுதி தெரியும்?”

“அதுவும் சரிதான். எங்க போறது?”

“நம்ம காட்டுக்குப் போங்களேன். காத்து அசையாத நேரமா, விடியக்காலம்.”

“காவலுக்கா?”

“சேச்சே! அதுக்குத்தான் ஆளைப் பாத்தாச்சே. நீங்க வித்துவான்.”

வித்துவான் என்றதும் ஆள் காலி. மறுநாள் கிளி எழும்பும் முன்பே, மப்ளர் கட்டி, டிரம்மைத் தோளில் மாட்டி, காட்டில் நின்றான். காடு முழுக்கத் தெரிகிற வீட்டு மொட்டை மாடியில் நின்று சத்யா போனில் சொன்னாள்.

“கெழக்கு மூலையில கேக்கவே இல்லைங்க. அங்க போயி அடிங்க.”

ஓடினான். அடித்தான்.

“இப்ப வடக்கால. வேகமா! மழை கொட்டுற மாதிரி உருட்டுங்க. ஆங், போயிருச்சு!”

“எது போயிருச்சு?”

“கரகரப்புங்க.”

தினமும் இதே கூத்து. நாலு மூலையும் ஓடி, அடித்து, நின்று திருகி, மறுபடி ஓடினான். என் பொண்டாட்டிக்கு இப்படி ஒரு காதா என்று செட்டு ஆட்களிடம் பீற்றிக்கொண்டான். ஒரே ஒரு வருத்தம்தான். காவல்காரன் ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

“எவன் புள்ள அவன்? காசை வாங்கிட்டுத் தூங்குறான் களவாணிப் பய!”

“விடுங்க, பாவம்” என்றாள் சத்யா.

மாதக் கடைசியில் ஒரு நாள், வரப்பில் நின்று அடுத்த மூலை எது என்று போனைக் காதில் வைத்துக் காத்திருந்தான். அவள் போனை இடுப்பில் செருகிவிட்டாள் போல. மாடியில் வேறு யாரிடமோ பேசுவது கேட்டது. பக்கத்துக் காட்டுச் செல்வம்மாள் அக்கா குரல்.

“இம்புட்டுக் கிளியையும் எப்புடிடீ சமாளிக்கிற?”

“அந்தா தெக்கால எறங்குது பாருங்கக்கா. இப்ப அவரை அங்க ஓட்டுறேன் பாருங்க.” உடனே போனில் தேன் சொட்டியது. “என்னங்க, தெக்கு மூலையில கம்பி லூசாட்டம் கேக்குது...”

இளையபெருமாள் தெற்கே ஓடவில்லை. வீட்டுக்கு ஓடினான். செல்வம்மாள் அக்கா அதற்குள் கிளம்பிவிட்டாள்.

“காவலுக்குப் பாத்த ஆளு நானா?”

“நல்ல ஆளுங்க. ஒரு நாள்கூடத் தூங்கல.”

“இனிமே அந்தக் காட்டுல ஒரு அடி அடிக்க மாட்டேன்!”

“வேணாங்க. கதிரு முத்திருச்சு. இனிமே கிளி கடிச்சா கிளி மூக்குதான் ஒடையும்.”

பெரிய சண்டைக்கு மூச்சு இழுத்து வைத்திருந்தான். அத்தனையும் வீண்.

“அப்ப நாளையிலேருந்து எட்டு மணி வரைக்கும் தூங்குவேன். எவளும் எழுப்பக் கூடாது!”

“கதிரை டவுனுக்கு ஏத்த செல்வம்மாள் அக்கா டிராக்டரு அனுப்புறாங்க. வாடகையே வேணாம்னுட்டாங்க.”

“சும்மாவா? ஏனாம்?”

“அவங்க காட்டுல இப்பத்தாங்க பால் பிடிக்குது. பதிலுக்கு நீங்க போறீங்க.”