மாமனார் கரைந்த கதை

மூன்று மாதம் வீடியோ பார்த்து ஒரு மெஷினைத் தேர்ந்தெடுக்கிறவனைவிட, கண்ணை மூடிக்கொண்டு விரல் நீட்டுகிறவன் பிழைத்துக்கொள்வான். நான் மூன்று மாதமும் பார்த்தவன். அதனால்தான் ஒரு சுபமுகூர்த்தக் காலையில், மண்டபம் நிறைய சொந்தக்காரர்கள் பார்த்திருக்க, என் மாமனாரைக் கரைத்துவிட்டேன்.

சங்கரன்கோவிலில் எனக்கு ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கைவண்ணம்தான். (கண்ணீர் அஞ்சலியில் இருப்பவர் சிரிப்பார், காதுகுத்தில் நிற்கும் தாய்மாமன்கள் முறைப்பார்கள். அதற்கு நான் பொறுப்பல்ல.) ஆனால் கரிவலம்வந்தநல்லூரில் விவசாயம் பார்க்கும் என் மாமனாரிடம் யார் விசாரித்தாலும், "மாப்ள போஸ்டர் அடிக்காரு" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை மாற்றத்தான் கான்வாஸுக்கு மாறினேன். துணியில் அச்சடித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினால், போட்டோ ஓவியம் மாதிரி ஆகிவிடும். ஓவியம் என்றால் நான் கலைஞன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கான்வாஸில் அச்சடிக்கும் மெஷின் வாங்க மதுரைக்குப் போனோம். தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் என் மனைவி செல்வி லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். நான் அகலம், மை தெளிக்கும் ஹெட், வேகம் என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். ஷோரூம்காரர் ஒரே கல்யாணப் படத்தை இரண்டு மெஷினில் அடித்துக் காட்டினார். ஒன்றில் பட்டுச்சேலை சேலையாக இருந்தது. இன்னொன்றில் தீப்பிடித்து எரிந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டேன்.

அவர் பாவம், பொறுமையாகச் சொன்னார். இந்த மை பளிச்சென்று இருக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் கரையும், கான்வாஸில் அடித்தால் மேலே வார்னிஷ் பூசியே ஆக வேண்டும். அது வேண்டாமென்றால் மற்ற மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் மை கொஞ்சம் அடக்கமாகத் தெரியும், ஆனால் தண்ணீருக்கு அவ்வளவு சீக்கிரம் அசையாது. நான் தலையாட்டினேன். கண் சிவப்பில் இருந்தது. என் பேனர்கள் மாதக்கணக்கில் மழையில் நின்றும் ஒரு பொட்டுச் சாயம் போனதில்லை. எனக்கே தண்ணீரைப் பற்றிப் பாடமா?

மெஷின் கடைக்கு வந்த மறுவாரம் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். முதல் கான்வாஸ் அவருக்குத்தான் என்று முடிவு செய்தேன். அவர் எந்தப் போட்டோவிலும் சிரித்ததில்லை. வயல் வரப்பில் அத்தையையும் அவரையும் நிற்க வைத்து அரை நாள் போராடியதில், மீசைக்கு அடியில் அரைச் சிரிப்பு ஒன்று வந்தது. அதை ஐந்தடி உயரத்துக்கு அடித்தேன். வார்னிஷ் பூசினால் அந்தச் சிவப்பு மங்கிவிடுமோ என்று தோன்றியது. பூசவில்லை. செல்வி ஒரு தடவை ஞாபகப்படுத்தினாள். தாலுகா ஆபீஸில் இருப்பவளுக்கு மையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். (வாய்விட்டும் சொன்னேன்.)

காலையில் மண்டப வாசலில் படத்தைத் திறந்ததும் மாமனார் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் மீசையைத் தொட்டுக்கொண்டார்.

"நல்லாருக்கு மாப்ள," என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என் தொழிலைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். மைக்கை வாங்கி, இது பேனர் இல்லை, கான்வாஸ், நூறு வருஷம் அப்படியே நிற்கும் என்று அறிவித்தேன். வாசலில் இருந்த படத்தைத் தூக்கிவந்து, வீடியோவில் நன்றாக விழட்டும் என்று, தம்பதி உட்கார்ந்த பலகைக்குப் பின்னாலேயே நிறுத்தினேன். அறுபதாம் கல்யாணத்தில் தம்பதி தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. மையும் தண்ணீரும் என் மூளையில் வேறு வேறு அறையில் இருந்தன.

முதலில் ஐயர் ஊற்றினார். பிறகு மச்சினன் முருகன், பின்னால் படம்வரை தெறிக்கத் தெறிக்க. மூன்றாவதாக நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் படத்தைப் பார்த்தேன். அத்தையின் சேலைச் சிவப்பு மாமாவின் வேட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மாமாவின் மீசை தாடை வழியாக நெஞ்சை நோக்கி மெதுவாகப் பயணப்பட்டிருந்தது. அந்த அரைச் சிரிப்பு இருந்த இடத்தில் ஒரு சாம்பல் ஓடை. பதறிப்போய் படத்தை இழுக்க ஒரு கையை நீட்டினேன். குடம் சாய்ந்தது. முழுத் தண்ணீரும் நிஜ மாமாவைத் தாண்டிப் போய் நிழல் மாமாவின் உச்சந்தலையில் விழுந்தது.

நாதஸ்வரம்கூட நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த மாமனாரின் அண்ணன், உண்மையிலேயே சந்தேகம் கேட்பவரைப் போலக் கேட்டார்.

"ஏன் மாப்ள, நூறு வருசம் முடிஞ்சிட்டோ?"

மண்டபம் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து சமையல்காரர் எட்டிப் பார்த்தார். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. ஈரத்தோடு திரும்பி, தன் முகம் ஒழுகுவதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ஐயரைப் பார்த்து மேலே நடத்தும்படி சைகை காட்டினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பந்தியில் என் இலையில் பாயசம் ஆறிப்போனது. பக்கத்தில் உட்கார்ந்த செல்வி குனிந்தபடியே, "மதுரைல அந்த மனுசன் வார்னிஷ்னு மூணு தடவ சொன்னாரு," என்றாள்.

பத்து நாள் கழித்து மறுபடி அடித்தேன். மூன்று பூச்சு வார்னிஷ். தகவல் தெரிந்து மாமனாரே பைக்கில் கடைக்கு வந்தார். படத்தைப் பார்க்கவில்லை. செம்பு நிறையத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அதைத் தன் படத்தின் தலையில் தானே ஊற்றிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். நானும் நின்றேன், பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பவனைப் போல. மீசை அசையவில்லை. துண்டால் துடைத்தார்.

"ம். இப்ப வண்டில ஏத்தி விடுங்க," என்றார்.

அந்தப் படம் இன்றும் அவர் வீட்டு முன்னறையில் பளபளவென்று இருக்கிறது. என் மரியாதையின் நிலவரம்தான் வேறு. ஊரில் நாலு தூறல் விழுந்தால் போதும், கரிவலத்திலிருந்து முருகனின் போன் வந்துவிடும்.

"அத்தான், இங்கன மழ வருது. அப்பாவ உள்ள எடுத்து வைக்கவா?"

பின்னாலிருந்து ஒரு ஆம்பளைச் சிரிப்புக் கேட்கும். மாமனார்தான். முழுச் சிரிப்பு.