முப்பத்தொன்பது வருஷமாக இளையவன்

கெய்ன்ஸ்,
பஸ்காவின் நான்காம் நாள், ஞாயிறு.

அன்புள்ள ஹதாசா அக்காவுக்கு,

உன் தம்பி எஃப்ராயிம் எழுதுவது. நான் நலம், ஒரு பல்லைத் தவிர. நீயும் அத்தானும் பிள்ளைகள் மூவரும் நலமாகத்தான் இருப்பீர்கள். மெல்பர்னில் எதுவும் சீக்கிரம் கெட்டுப்போவதில்லை. இங்கே பதினெட்டு நாளாக மழை. புயல் எங்களை விட்டுவிட்டுக் கடலிலேயே திரும்பிப் போய்விட்டது. அதன் வால் மட்டும் ஊர்மேல் கிடக்கிறது. துறைமுகத்தில் கடல் ஏறுவதையும் இறங்குவதையும் வழக்கம்போலக் குறித்துவைக்கிறேன். என் வேலையில் வேறு செய்தி கிடையாது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நடுவில் நீ சிரிப்பாய். அதனால் கடிதம்.

முதலில், நான் வருவது உறுதி. மே இரண்டாம் தேதி விமானம். பல்கலைக்கழகத்தில் நான்காம் தேதி சேரவேண்டும். எனக்காக நீ தையல் அறையைக் காலிசெய்து, மெஷினை ஹாலுக்கு நகர்த்தி வைத்திருப்பதாக அத்தான் எழுதியிருந்தார். நன்றி. இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு இவன் வருவானா மாட்டானா என்று சந்தேகப்படாதே.

பஸ்கா விருந்து மேஜையில் இருப்பவர்களிலேயே இளையவர் எழுந்து நான்கு கேள்விகளைப் பாடினால்தான் மற்றவர்கள் பதில் சொல்லத் தொடங்குவார்கள், பதில் முடிந்தால்தான் சூப் வரும் என்பதை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நான்கு வயதில் நாற்காலிமேல் ஏறி நின்று நான் முதல்முறை பாடியபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நீ. உனக்கு எட்டு வயது. பதவியை ஒப்படைத்துவிட்டவளின் நிம்மதி உன் முகத்தில் இருந்தது. எனக்கு அது அப்போது புரியவில்லை. எனக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களெல்லாம் கேள்வி கேட்கும் வயது வருமுன் குடும்பத்தோடு தெற்கே போய்விட்டார்கள். எனக்கு இப்போது நாற்பத்துமூன்று. நம் யூத சபையில் மொத்தம் பத்தொன்பது பேர். மார்ச் வரை எனக்கு அடுத்த இளையவருக்கு அறுபத்தொன்று. காதில் கருவி மாட்டியிருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் நான் பாடி முடித்ததும் மல்கா அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, பையன் போன வருஷத்தைவிட நன்றாகப் பாடினான் என்கிறாள். எனக்கு வழுக்கை விழுந்துவிட்டதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

உன் வீட்டில் கேள்வி கேட்கப் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இங்கே என்னோடு அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரே ஒருமுறை, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, பதில் சொல்பவர்கள் பக்கத்தில் இருக்கவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. மெல்பர்னுக்கு வர நான் ஒப்புக்கொண்டதில் சம்பளத்துக்கு இரண்டாம் இடம்.

வேலைக்கான கடிதம் பிப்ரவரியில் வந்தது. ஸெலிக் மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு எண்பத்தொன்று ஆகிறது, இன்னும் அவரே சபைத் தலைவர். போட்டி போட யாரும் இல்லை. மழையைப் பார்த்தபடி சொன்னார்:

"போயேன். யாரு உன்னைக் கட்டிப்போட்டா? உன்னவிடச் சின்னதா ஒரு ஆளைக் கொண்டாந்து உக்கார வச்சிட்டுக் கெளம்பு. சபைக்கு ஒரு சின்னவன் வேணுமில்ல."

இது எந்தச் சட்டத்திலும் இல்லை. தனியாக இருப்பவன்கூடத் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் விதி. ஆனால் நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச்சில் தீர்ஸா வந்தாள். பல் மருத்துவர், தனியாள், அடிலெய்டிலிருந்து இடம் மாறி வந்தவள். பார்த்ததும் என்னைவிடச் சின்னவள் என்று எனக்குத் தோன்றியது. மல்கா அத்தைக்கும் தோன்றியது. ஸெலிக் மாமா, கண்ணாடி இல்லாமலேயே, ரொம்பச் சின்னவள் என்றார். சபையில் சேர ஒரு படிவம் உண்டு. அதில் அவள் பெயர், தொலைபேசி எண், மீன் ஒத்துக்கொள்ளாது என்ற தகவல் எல்லாம் எழுதி, பிறந்த தேதியை மட்டும் விட்டுவிட்டாள். மல்கா அத்தை அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு, பள்ளி முடித்தது எந்த வருஷம், முதல் கார் எந்த மாடல், அம்மாவுக்கு எத்தனை வயதில் கல்யாணம் என்றெல்லாம் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறாள். தீர்ஸா எல்லாவற்றுக்கும் சிரித்துவிட்டு, நேராகவே, எனக்கு நாற்பத்தொன்பது என்று சொல்லிவிட்டாளாம்.

"எழுபத்தாறு வருஷத்துல வயசக் கூட்டிச் சொன்ன பொம்பளைய இப்பத்தான்டா பாக்கறேன்," என்றாள் மல்கா அத்தை என்னிடம். "கழுத்தப் பாத்தியா? நாப்பத்தொம்பது கழுத்தா அது?"

நான் பார்க்கவில்லை. பிறகு பார்த்தேன்.

விருந்து புதன்கிழமை. வழக்கம்போல ஓய்வூதியர் சங்கக் கூடத்தை எடுத்திருந்தோம். அவர்களுடைய அடுப்பை இரண்டு நாள் சுரண்டிக் கழுவி, கொளுத்தி, பண்டிகையின் எட்டு நாளைக்கும் புளித்த மாவின் வாசம்கூட இல்லாமல் ஆக்கினோம். கொத்தமல்லி என் தொட்டியிலிருந்து போனது. புத்தகம் இதை வசந்த காலத்துப் பண்டிகை என்கிறது. இங்கே இலையுதிர் காலம், அதற்கும் இலைகள் உதிர்வதில்லை, அழுகுகின்றன. இதைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. புளிப்பில்லா அப்பம்தான் பிரச்சினை. உன் ஊரிலிருந்து இரண்டு வாரம் முன்பே வந்துவிட்டது. அந்த இரண்டு வாரமும் மழை. ஸெலிக் மாமா திராட்சரசத்தின் முதல் கிண்ணத்துக்கு ஆசி சொன்னார், கை கழுவினோம், கொத்தமல்லியை உப்புநீரில் தொட்டுத் தின்றோம், அதன்பின் அவர் அடுக்கிய மூன்று அப்பங்களில் நடுவிலிருந்ததை எடுத்து இரண்டாக உடைக்கப்போனார். அது உடையவில்லை. நனைந்த அட்டை மாதிரி வளைந்தது. இன்னும் வளைத்தார். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டன. ஆண்டவன் நம்மை எகிப்திலிருந்து அவசரமாக வெளியே கொண்டுவந்தபோது மாவு புளிக்க நேரமில்லை, சரி, ஆனால் இப்படி வளையவும் இல்லையே என்றார். மல்கா அத்தை எல்லாப் பெட்டிகளையும் அடுப்பறைக்கு எடுத்துப்போய், இருந்த அப்பத்தையெல்லாம் அடுப்பில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தாள். இப்போது அது ஓடு. தட்டினால் சத்தம் கேட்டது.

இரண்டாம் கிண்ணம் ஊற்றியாயிற்று. கேள்விக்கான நேரம்.

பதினாறு பேர் என்னைப் பார்த்தார்கள். நான் தீர்ஸாவைப் பார்த்தேன். தீர்ஸா தன் கரண்டியைப் பல் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காதுக்கருவிக்காரர் மட்டும் நான் பாடி முடித்துவிட்டதாக எண்ணி ஆமென் என்றார். மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருந்து, மெதுவாகத்தான், நீங்கள் எழுந்திருங்கள் என்று அவளிடம் சொன்னேன்.

"எனக்கு நாப்பத்தொம்பது."

"இல்ல."

"நாலு வயசுலேந்து எங்க வீட்ல நான்தாங்க கடைசி," என்றாள். "அண்ணனுங்க அஞ்சு பேரு. ஒருத்தனும் கல்யாணம் பண்ணிக்கல. ஒரு கொழந்த இல்ல. அம்மா போற வரைக்கும் நான்தான் எந்திரிச்சுப் பாடுனேன். மூணு ஊர்ல வேல கெடச்சுது. மல்கா அத்தைக்குப் போன் போட்டு விசாரிச்சேன். எங்ககிட்ட நாப்பத்துமூணு வயசுல ஒரு பையன் இருக்கான், அவந்தான் பாடுவான்னாங்க. அதனாலதான் இங்க வந்தேன்."

மல்கா அத்தை தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

அக்கா, இந்த இடத்தில் நான் கோபப்பட்டிருக்கவேண்டும். அவள் ஓடிவந்த காரணமும் நான் ஓடிப்போகும் காரணமும் ஒன்றே என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது. கோபம் வரக் காத்திருந்தேன். வரவில்லை. நானும் எழவில்லை, அவளும் எழவில்லை. அடுப்பறையில் சூப் கொதித்து வற்றிக்கொண்டிருந்த வாசனை வந்தது.

கடைசியில் ஸெலிக் மாமா எழுந்தார். இடுப்பில் இரும்பு வைத்ததிலிருந்து அவர் எழ இரண்டு பேர் பிடிக்கவேண்டும். எழுந்து நின்று, தானே பாட ஆரம்பித்தார். எழுபது வருஷத்துக்கு மேல் அவர் அதைப் பாடியதில்லை. இந்த இரவு மட்டும் ஏன் இப்படி என்று தொடங்கி, அப்பத்தைப் பற்றிக் கேட்டார், கசப்புக் கீரையைப் பற்றிக் கேட்டார், பிறகு நின்றுவிட்டார். மூன்றாவது வரவில்லை. கை மேஜைவிரிப்பைப் பிசைந்தது. அப்போது நானும் தீர்ஸாவும் ஒரே நேரத்தில், ஒரே சுருதியில், மூன்றாவதை எடுத்துக்கொடுத்தோம். இருவருமே உட்கார்ந்தபடிதான். நான்காவதை அவரே பாடினார். உட்காரும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று சரியாகச் சொல்லவேண்டுமானால், பாடி முடித்து நாற்காலியிலிருந்து இறக்கிவிடப்பட்ட நான்கு வயதுப் பையனின் முகம்.

"ம், சொல்லு," என்றார் என்னைப் பார்த்து.

நான் பதில் சொல்லவேண்டும். முப்பத்தொன்பது வருஷம் காத்திருந்த பதில். எனக்குப் பதில் தெரியவில்லை, அக்கா. கேள்விகள் தூக்கத்தில்கூட வரும். அவற்றைப் பாடி முடித்ததும் சூப்பைப் பற்றி நினைக்கத் தொடங்குவது என் பழக்கம், பதிலை நான் ஒருமுறைகூடக் காதுகொடுத்துக் கேட்டதில்லை. புத்தகத்தைப் பார்த்துப் படித்தேன். நாம் அடிமைகளாக இருந்தோம் என்ற இடத்தில் பழைய திராட்சரசக் கறை இருந்தது, இரண்டு வரி தெரியவில்லை. அதைத் தீர்ஸா மனப்பாடமாகச் சொன்னாள். இப்படியே மாற்றி மாற்றிப் போயிற்று. ஸெலிக் மாமா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எகிப்தின்மேல் ஆண்டவன் தவளைகளை ஏவிய இடம் வந்தபோது, எத்தனை தவளை என்று கேட்டார். அதெல்லாம் புத்தகத்தில் இல்லை. கேள்வி கேட்பதில் அவருக்குச் சுவை தட்டிவிட்டது என்று எனக்கு அப்போதே பட்டது.

அப்பத்தைக் கையில் கொடுக்கும் நேரத்தில் ஐந்தாவதாக ஒன்று கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான்.

"டேய் எஃபி. கேள்விய நானே கேட்டுக்கறேன், எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. நீ போயிட்டா அடுத்த வருஷம் எனக்கு யாருடா பதில் சொல்றது?"

வாயில் எதையாவது போட்டுக்கொண்டால் பேசவேண்டியதில்லை. கையில் இருந்த அப்பத்தைப் பெரிய துண்டாகக் கடித்தேன். அது மல்கா அத்தை சுட்ட ஓடு என்பதை மறந்துவிட்டேன். சிறுவயதில் வலியில் நான் அலறியபோது நீ என்னைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடிய அந்தப் பழைய கடைவாய்ப்பல். அதன் அடைப்பு பாதிப் பல்லோடு கையில் வந்தது. கசப்புக் கீரைக்குக் கண்ணில் நீர் வருவது வழக்கம் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. வழக்கப்படி எலியா தீர்க்கதரிசி வருவதற்காகக் கதவைத் திறந்தபோது கரும்புத் தோட்டத்துத் தேரை ஒன்று உள்ளே வந்து, அவருக்காக விட்டிருந்த காலி நாற்காலியின் கீழே உட்கார்ந்தது. ஸெலிக் மாமா அதற்கும் வணக்கம் சொன்னார். விருந்து நன்றாகவே முடிந்தது.

ஆக, நிபந்தனை நிறைவேறவில்லை. என்னைவிடச் சின்னவர் யாரும் இங்கே இல்லை. இருப்பவள் நாற்பத்தொன்பது என்கிறாள். இருந்தாலும் நான் கிளம்புகிறேன். ஒரு சபைக்கு இளையவனாக இருப்பது வேலை இல்லை, அதற்காக ஒருவன் வேலையை விடமுடியாது. இதை நான் தெளிவாகவே யோசித்து முடிவெடுத்திருக்கிறேன். ஸெலிக் மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. பல்வலியோடு சொன்னால் அழுவதாக நினைத்துக்கொள்வார். பல்லை நாளை காலை பார்க்கிறேன். மழையில் திறந்திருக்கும் ஒரே பல் மருத்துவமனை தீர்ஸாவுடையது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள், கடைக்குட்டியிடம், கேள்விகளை மெதுவாகப் பாடச் சொல், அவசரமே இல்லை. இந்தப் பண்டிகையின் மீதி நாட்களும் உங்கள் வீட்டில் நொறுங்கும் அப்பத்தோடு கழியட்டும். மே இரண்டு, மாலை ஐந்து மணி விமானம். அத்தான் வரவேண்டாம், நானே வந்துவிடுவேன்.

உன் தம்பி,
எஃப்ராயிம்

பி.கு.: திங்கள் மாலை. கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. காலையில் மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பிறந்த தேதி கேட்டிருந்தது, எழுதினேன். நாற்காலியைச் சாய்த்து, வாயில் பஞ்சும் குழாயும் வைத்து, விளக்கை இழுத்துவிட்டு, அதன்பின்தான் தீர்ஸா அந்தப் படிவத்தை எடுத்துப் படித்தாள். வெகுநேரம் படித்தாள். பிறகு, என்னைவிட அவள் பத்தொன்பது நாள் சின்னவள் என்றாள். அடுத்த வருஷம் தானே எழுந்து பாடுவதாகவும், நிபந்தனைப்படி நான் இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றும் சொன்னாள். பல்லைக் குடைந்தாள். நிறுத்தினாள். "ஆனா ஸெலிக் மாமா கேட்டாரே, அதுக்கு நீ இன்னும் ஒண்ணும் சொல்லலியே," என்றாள். சாய்ந்து படுத்திருந்தேன், பதில் சொல்லும் பக்கத்தில்தான் இருந்தேன், வாய் முழுக்கப் பஞ்சு. நான்தான் என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டாதே, ஊசி குத்திவிடும் என்றாள். மறுபடியும் ஆட்டினேன். பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டேன், விமானத்தையும் ரத்துசெய்தாயிற்று. தையல் மெஷினை நீ பழைய இடத்திலேயே போட்டுக்கொள்ளலாம், அக்கா.