மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் முழங்கால் வலி இல்லாமல் நடமாட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வெட்கத்தை விட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிற நான், போன வாரம் ஒரு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டேன். அதை நிறுத்தியவனும் நான்தான். சிரிக்காமல் மேலே படி.

எல்லாம் நீ போனில் கேட்டதால் வந்த வினை. "ஏன்டா, அவளுக்கும் முப்பது தாண்டிடுச்சு. நாலு இடத்துக்குப் போய் நாலு பேரைப் பார்த்தாத்தானே ஒருத்தனாவது அமைவான்?" என்றாய். அதை அப்படியே மகளிடம் கேட்டேன். "எங்கேப்பா போறது? லேப்ல நாள் முழுக்க ரத்தம் எடுக்கறேன். ஊசியோட கிட்ட போனாலே ஆம்பளைங்க முகத்தைத் திருப்பிக்கறாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு, துடைத்த தட்டையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா இருந்திருந்தால் ஏதாவது பேசியிருப்பாள். எனக்குத் திருப்புளி பிடிக்கத்தான் தெரியும்.

சரி, நாமே இடம் பார்ப்போம் என்று கிளம்பினேன். நூலகத்தில் பேசக்கூடாது என்று போர்டு. பேசாமல் எப்படிப் பழகுவது? உடற்பயிற்சிக் கூடத்தில் ஆளாளுக்குக் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கைபேசியில் ஆண்களின் முகமாக வருமாம், இந்தப் பக்கம் தள்ளினால் வேண்டும், அந்தப் பக்கம் தள்ளினால் வேண்டாம். அவள் காட்டும்போது என் கட்டைவிரல் பட்டு ஒரு பல் டாக்டர் போயே போய்விட்டார். திரும்பி வரமாட்டாராம். இது என்ன ஏற்பாடு அக்கா?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது (அங்கேதான் தப்பு). லிஃப்டில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கமாட்டார்கள். அதுவே நடுவில் நின்றுவிட்டால், கதவு திறப்பதற்குள் சொந்த ஊர் வரை விசாரித்துவிடுவார்கள். நான் பராமரிக்கும் ஒரு கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார் ஒருவர். தன்மையானவர், கல்யாணமாகாதவர். மூன்றாவது மாடி தாண்டியதும் நிற்கும்படி ஒயரை மாற்றிவைத்தேன். மேலே மோட்டார் அறைக்குப் போனால்தான் விடுவிக்க முடியும். மகளை மதியச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னேன். கண்ணாடிக்காரர் லிஃப்டில் ஏறினார். அவளும் வந்தாள். "ஏறும்மா, சாப்பாட்டை மேலே மோட்டார் ரூம்ல வச்சுடு" என்றேன். "லிஃப்ட் மெக்கானிக் பொண்ணு எவளாவது லிஃப்ட்ல ஏறுவாளா?" என்று படியில் போய்விட்டாள். அவர் கதவைக் காலால் பிடித்துக்கொண்டு, "ஐயா, நீங்க வரீங்களா?" என்றார். மரியாதையாகக் கூப்பிடுகிறாரே என்று குழப்பத்தில் நான் ஏறிவிட்டேன். கதவு மூடியதும்தான் ஞாபகம் வந்தது.

நின்றது. நான் செய்த வேலை எப்போதும் கச்சிதமாக இருக்கும். கண்ணாடிக்காரர் அபாய மணி பட்டனை விடாமல் அமுக்கினார். மகளைப் போனில் கூப்பிட்டேன். "எங்கேப்பா இருக்கீங்க?" "உள்ளே." "எதுக்குள்ளே?" அதற்கு மேல் அவள் கேட்டதை எழுத முடியாது. காத்திருக்கும்போது அவர் பெருமூச்சு விட்டார். "இங்கே நின்னா என்ன, கடையில நின்னா என்ன ஐயா. நேருக்கு நேரா உட்கார்ந்து எத்தனையோ கண்ணுக்குள்ள பார்க்கறேன். அவங்க எனக்குப் பின்னாடி இருக்கற எழுத்தைத்தான் பார்க்கறாங்க. நாங்க எங்கே போய் ஒரு பொண்ணைப் பார்க்கறது?" அக்கா, இதற்காகத்தானே இத்தனை பாடு! மகளைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கயிறெல்லாம் நல்ல உறுதிதான்" என்றேன்.

லிஃப்ட் மெல்ல ஏறி நான்காவது மாடியில் நின்றது. மகள் மோட்டார் அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றியிருக்கிறாள். சின்ன வயதில் என்னோடு வந்து பார்த்த பழக்கம். கையெல்லாம் கிரீஸோடு கதவைத் திறந்தாள். "ஒயரை மாத்திப் போட்டது யாருப்பா?" நான் விளக்கைப் பார்த்தேன். அவர் பக்கம் திரும்பி, "நீங்க அந்த பட்டனை எத்தனை தடவைங்க அமுக்குவீங்க? அது என்ன, காலிங் பெல்லா?" என்றாள். "தப்புதாங்க" என்று சொல்லி, மிச்சமிருந்த ஒரு மாடியை அவர் படியேறிப் போய்விட்டார். முடிந்தது கதை. இனி நீயே எங்காவது பார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

உன் தம்பி

பி.கு.: நீ ஒன்றும் பார்க்க வேண்டாம், கொஞ்சம் பொறு. இன்று காலை மகள், "அப்பா, அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஏதோ சத்தம் போடுதாம். நானும் வரேன், மறுபடி தனியா போய் மாட்டிக்காதீங்க" என்றாள். "யாரும்மா சொன்னது?" "சொன்னாங்க." அவள் கண்ணில் புதுக் கண்ணாடி வேறு. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நேற்றுத்தான் அந்த லிஃப்டுக்கு எண்ணெய் போட்டேன், அதில் ஒரு சத்தமும் இல்லை என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.