மரத்தடியில் ஒளிந்திருந்த வில்லன்

இணையத்தில் ஓவிய ரசனை வகுப்பு முடித்தவனை உடனே பெண் பார்க்க அழைத்துப் போகக் கூடாது. சூடு ஆறும்வரை கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருக்க வேண்டும்.

நான் ஆறவில்லை. சரவணம்பட்டியில் கணினி வேலை. ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் என் வாயால் கெட்டிருந்தன. பொள்ளாச்சி போகும் வழியெல்லாம் அம்மா கெஞ்சினார். "இதயும் கெடுத்துபோட்டீன்னா அப்புறம் பொண்ணே கெடைக்காது கண்ணு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

பெண்ணின் அப்பா எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர். "வாங்க, உக்காருங்க" என்றார். நான் எங்கே உட்கார்ந்தேன்? சோபாவுக்கு மேலே, கண்ணாடி உடைந்துபோன சட்டத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு லித்தோகிராஃப் ஒன்று (கல்லில் வரைந்து அச்சிட்ட படம்) தாழ்வாகத் தொங்கியது. குளக்கரையில் ஒரு பெண், பக்கத்தில் மரம்.

யாரும் கேட்கவில்லை. ஆரம்பித்துவிட்டேன்.

"கோடுகளப் பாருங்க. கிளை, சேலை மடிப்பு, அவ பார்வை, எல்லாமே நம்ம கண்ண மரத்தடிக்குத்தான் இழுத்துட்டுப் போகுதுங்க. அங்க என்ன இருக்குது? நெழலு! உருண்டையா ஒரு தலை. கோடு கதைய ஆரம்பிக்குது, நெழல் முடிச்சுப் போடுது. இவந்தானுங்க இந்தப் பொண்ணு வாழ்க்கையக் கெடுக்கப்போற வில்லன்!"

"அப்புடிங்களா?" என்றார் அவர், மரியாதையாக.

அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது. "கல்லுல எண்ணெய்ப் பசை மையாலதான் வரைவாங்க. இத்தன வருசம் கழிச்சும் நெழல்ல எண்ணெய் மினுங்குது பாருங்க!" தொட்டு முகர்ந்தேன். தேங்காய் வாசம். (அப்போதாவது நிறுத்தியிருக்கலாம்.) "அந்தக் காலத்துல தேங்காயெண்ணெய் கலந்திருக்காங்க!"

காபித் தட்டுடன் பவித்ரா வந்தாள். எல்லோரும் உட்கார்ந்தோம். அவள் அப்பா, அந்தப் படத்துக்குக் கீழே தன் வழக்கமான இடத்தில் அமர்ந்து, தலையைப் பின்னால் சாய்த்தார். தலை வில்லனுக்குள் அச்சாகப் பொருந்தியது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"மத்தியானம் இங்கதானுங்க சாஞ்சு தூங்குவேன்" என்றார் அவர், பிடிபட்டவர் போல. "எண்ணெய் நம்ம செக்குதுங்க."

பவித்ரா தட்டை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். இதுவும் போயிற்று என்று நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் குரல் கேட்டது: "அப்பா, இவரையே பேசி முடிச்சுபோடுங்க. ஊட்ல பொழுது போகும்."

இப்போது அந்தச் சோபாவில் எனக்கும் ஓர் இடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி போனால், மத்தியானம் மாமனாரும் நானும் சேர்ந்துதான் சாய்கிறோம். விருந்தாளி வந்தால் பவித்ரா முதலில் படத்தைத்தான் காட்டுவாள்.

"மரத்தடில ஒளிஞ்சிருக்கறது வில்லனுங்க. பக்கத்துல புதுசா ஒருத்தன் தெரியறானில்லீங்களா, அது அவரு மாப்பிள்ளைங்க."