கூடம் கிடங்கான விதம்

ஒரு வீட்டுக்குத் தரை இன்றியமையாதது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. காலையில் அதன் சில்லிப்பில் கால் வைத்தால், என் மனைவிக்குக் குதிகாலிலிருந்து முழங்கால்வரை சுண்டி இழுக்கும். குளிர்காலத்துக்குள் கூடத்துக்கு மரத்தரை போட்டுவிடுவது என்று முடிவானது. எந்த மரம் என்பதுதான் முடிவாகவில்லை.

நான் அடுக்குமரக் கட்சி. மேலே மெல்லிசாக நல்ல மரம், அடியில் நான்கு அடுக்கு ஒட்டுப்பலகை. ஈரத்துக்கு உப்பாது, இரண்டே நாளில் போட்டுவிடலாம். அவள் முழுமரக் கட்சி.

"மேலே ஒண்ணு, உள்ளே ஒண்ணு. உங்க அக்கா மாதிரி," என்றாள்.

அக்காவை இழுத்த பிறகு எங்கள் வீட்டில் விவாதம் நீடிப்பதில்லை. முழுமரம் வந்து இறங்கியது.

தச்சர் பலகைகளைக் கூடம் முழுக்க முழங்கால் உயரத்துக்கு அடுக்கினார்.

"மூணு வாரம் இப்படியே கிடக்கட்டும்மா. வீட்டுக் காத்து பழகணும். பழகாம போட்டா முறுக்கிக்கும்."

"எனக்கு மூணு நாள்கூட யாரும் குடுக்கல," என்றாள் அவள், என்னைப் பார்த்து.

பத்தாம் நாள் கட்டட ஆய்வாளர் வருகை புரிந்தார். பார்த்தார், அளந்தார், எழுதினார்.

"இது கிடங்கு," என்றார்.

"வீடுங்க ஐயா."

"பதிச்சிருந்தா தரை. அடுக்கியிருந்தா சரக்கு. சரக்கு இருக்கிற இடம் கிடங்கு."

"அப்ப இப்பவே பதிச்சிடறோம்."

"கிடங்குல மரத்தரைக்கு அனுமதி இல்ல. தீப்பிடிச்சுக்கும்."

"சரி, வெளியே எடுத்துடறோம்."

"கிடங்குச் சரக்கு வெளியே போகணும்னா விற்பனை உரிமம் வேணும்."

எனக்கு ஒரு நப்பாசை. "அடுக்குமரமா மாத்திக்கிட்டா?"

"அஞ்சு அடுக்குக்கு அஞ்சு மனு. ஒவ்வொரு அடுக்கையும் பிரிச்சுக் காட்டணும்."

கிடங்கில் குடும்பம் நடத்துவது குற்றம் என்பதையும் நினைவூட்டி, எங்களைக் காவலாளிகள் என்று பெருந்தன்மையுடன் பதிவு செய்துகொண்டு போனார்.

குளிர் வந்தது. ஒருநாள் அவள் பலகை அடுக்கின்மேல் ஏறி நின்று பார்த்தாள். கால் சுண்டவில்லை. பிறகு இறங்கவே இல்லை. காய் நறுக்குவது, துணி மடிப்பது, என்னைத் திட்டுவது எல்லாம் மேலேயிருந்துதான். நானும் ஏறினேன். மின்விசிறி தலையை வாங்கப் பார்த்ததால் அதைக் கழற்றினோம்.

எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "இது என்னங்க, புது மாதிரியா?"

"உயரத்தரை. இப்பல்லாம் யாரு பதிக்கிறாங்க?" என்றாள் என் மனைவி, இமைக்காமல்.

மறு மாதமே எதிர்வீட்டில் ஒன்றரை அடி ஏறியது. பக்கத்து வீட்டில் இரண்டடி. விட்டுக்கொடுப்பார்களா? ஒரு நாள் ஆய்வாளரின் மனைவியே வந்து தச்சரின் விலாசம் கேட்டாள். அந்த ஆய்வாளர் நேர்மையானவர். தன் வீட்டையும் கிடங்கு என்று எழுதி, தன்னைக் காவலாளியாகப் போட்டுக்கொண்டார்.

எங்கள் தெருவில் இன்று சட்டப்படி ஒரே ஒரு வீடுதான் உண்டு. முனையிலிருந்த மரக்கிடங்கு. சரக்கெல்லாம் விற்றுத் தீர்ந்துபோனதால் அதை வீடு என்று சான்றளித்துவிட்டார்கள். முதலாளி குடும்பத்தோடு அங்கே குடியேறினார். வெறும் சிமெண்டுத் தரை.

போன வாரம் குதிகாலைத் தடவிக்கொண்டே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ரொம்பச் சில்லுனு இருக்கும்மா. ஒரு பத்துப் பலகை கிடைக்குமா?"

"எங்ககிட்ட விற்பனை உரிமம் இல்லீங்களே," என்றாள் அவள், மேலேயிருந்து.